காலரில் இருக்கும் ஓட்டை

(மயிலாடுதுறையில் ஒரு வாசகர் வட்டக் கூட்டத்தில் பேசியது. கொஞ்சம் திருத்தி எழுதியிருக்கிறேன்.)

பெரியவர்களுக்கும் நண்பர்களுக்கும் வணக்கம். வாசல் பலகையில் 'சீருடையும் விசுவாசமும்' என்று எழுதியிருக்கிறார்கள். நான் உள்ளே வரும்போது ஒருவர், "என்ன சார், போலீஸ்காரர் யாராவது பேசுறாங்களா?" என்று கேட்டார். அவர் மேல் தப்பில்லை. விசுவாசம் பற்றிப் பேச வருபவர் பாதிரியார். பாதிரியாருக்கு அங்கி இருக்கும், யூனிபாரம் எங்கே இருக்கும்? இருக்கிறது. பதினொரு வருடம் நான் போட்டிருந்தேன்.

இரட்சணிய சேனை. ஆங்கிலத்தில் சால்வேஷன் ஆர்மி, ஒரு கிறிஸ்தவ சபை. லண்டனில் 1865ல் வில்லியம் பூத் தொடங்கிய மிஷனுக்கு 1878ல் அந்தப் பெயர் வந்தது. பெயர்தான் சேனை, துப்பாக்கி கிடையாது. மற்றபடி கொடி, பேண்டு, கேப்டன், மேஜர் எல்லாம் உண்டு. ஊழியரை ஆபீசர் என்போம், சபையாரில் உறுதிமொழி எடுத்தவரை சோல்ஜர் என்போம். யாராவது இறந்தால் 'மகிமைக்கு உயர்த்தப்பட்டார்' என்பதுதான் வழக்கம், புரமோஷன் வந்த மாதிரி. எங்கள் பக்கம் வெள்ளைச் சட்டை, வெள்ளை பேண்ட். பெண்களுக்கு வெள்ளைச் சேலை. தோளில் பட்டை, காலரில் சின்னம்.

நான் தெற்கே சில ஊர்களில் ஊழியம் செய்தேன். அப்பா படுத்துவிட்டார், பத்து மா நிலத்தைப் பார்க்க ஆள் இல்லை. கடிதம் கொடுத்துவிட்டு ஊருக்கு வந்தேன். சண்டையும் இல்லை, விசுவாசம் போய்விட்டது என்ற கதையும் இல்லை. அந்தக் கதையை எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும்.

ஊருக்கு வந்த முதல் மாதத்தில் ஒன்று புரிந்தது. சீருடையில் பஸ் ஏறினால் யாராவது நகர்ந்து இடம் கொடுப்பார்கள். கைலியில் ஏறினால் "உள்ள போய்யா" என்கிறார் கண்டக்டர். எனக்கு ரோஷம் வந்தது. எதற்கு ரோஷம்? கர்த்தருக்காகவா? இல்லை, எனக்காகத்தான். சீருடை மேல் எனக்கிருந்த பிரியத்தில் பாதி அந்த மரியாதையின் ருசி என்று அன்று தெரிந்தது. இதைச் சொல்லாமல் மீதிப் பாதியைப் பற்றிப் பேசினால் பொய்யாகிவிடும்.

அந்த மீதி என்ன என்று தேடியபோது எனக்கு உதவியவர் நம் தஞ்சாவூர்க்காரர் ஒருவர், வேதநாயக சாஸ்திரியார். 1774ல் திருநெல்வேலியில் பிறந்தவர். பாதிரியார் சுவார்ட்ஸ் அவரைச் சிறுவனாகத் தஞ்சைக்கு அழைத்து வந்து வளர்த்தார். கூடப் படித்தவர், பின்னால் மன்னரான சரபோஜி. சாஸ்திரியார் மிஷனில் ஆசிரியராக இருந்தார், கீர்த்தனை எழுதினார், சுவிசேஷக் கவிராயர் என்று பெயரெடுத்தார். 1829ல் அந்த வேலை போயிற்று. புதிதாக வந்த மிஷனரிகளோடு தகராறு. சபைக்குள் சாதி கூடாது, எல்லோரும் கலந்து உட்கார வேண்டும், ஒரே பாத்திரத்தில் நற்கருணைத் திராட்சரசம் வாங்க வேண்டும் என்றார்கள். சாஸ்திரியார் மறுத்தார்.

இந்த இடத்தில் நான் அவர் பக்கம் இல்லை. மிஷனரிகள் சொன்னதுதான் சரி. அவர் கீர்த்தனையைப் பாடும்போதெல்லாம் இது எனக்கு ஒரு முள். இருந்தாலும் அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். சரபோஜி அரண்மனையில் ஆதரவு கொடுத்தார். இந்து ராஜா வீட்டுச் சோறு, மிஷன் கைவிட்ட ஆள். அவர் மதத்தையும் விடவில்லை, பாட்டையும் விடவில்லை. 1864ல், எண்பத்தொன்பது வயதில் இறந்தார். அவர் பாட்டுகளை இன்றும் தமிழ்ச் சபைகளில் பாடுகிறோம். வேலை கொடுத்தவர்கள் அதைத் திருப்பி வாங்கிக்கொண்டார்கள். பாட்டை அவர்கள் கொடுக்கவில்லை, எப்படி வாங்க முடியும்?

கத்தோலிக்கர்கள் இதைச் சட்டமாகவே எழுதி வைத்திருக்கிறார்கள். செல்லுபடியாகப் பெற்ற குருப்பட்டம் ஒருபோதும் செல்லாததாகாது என்கிறது 1983ஆம் வருடத் திருச்சபைச் சட்டத்தின் 290ஆம் விதி. பணியை விட்டுக் கல்யாணம் செய்துகொண்டவர் பூசை வைக்க முடியாது, பாவசங்கீர்த்தனம், அதாவது பாவ அறிக்கை, கேட்க முடியாது. ஆனால் 976ஆம் விதி, சாகக் கிடக்கிறவர் என்றால் அனுமதி இல்லாத குருவும் பாவமன்னிப்பு கொடுக்கலாம் என்கிறது. வேளாங்கண்ணி பாதயாத்திரைக் கூட்டத்தில் ஒருவர் மயங்கி விழுந்து உயிர் போகிற நிலை என்று வையுங்கள். பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் முன்னாள் சாமியார் இருந்தால், அந்த ஐந்து நிமிடத்துக்கு அவர் சாமியார்தான். எங்கள் சேனையில் இப்படி ஒரு விதி கிடையாது. எனக்குக் கொஞ்சம் பொறாமை.

எங்கள் ஆட்களில் நேர் எதிராகச் சட்டை மாற்றியவர் ஃபிரெடரிக் டக்கர். பஞ்சாபில் ஐசிஎஸ், அதாவது பிரிட்டிஷ் அரசாங்கத்தின் உயர் அதிகாரி. வேலையை உதறிவிட்டு 1882 செப்டம்பர் 19ல் மூன்று பேரோடு பம்பாயில் இறங்கி, இந்தியாவில் சேனையைத் தொடங்கினார். காவித் துணி, தலைப்பாகை, வெறுங்கால், பக்கீர் சிங் என்று பெயர். வெள்ளைக்காரன் இப்படி ஊர்வலம் போனால் அரசாங்கத்துக்கு அவமானம், பிடித்து உள்ளே போட்டார்கள். காவேரிக் கரையில் இதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. தருமபுரம், திருவாவடுதுறை சைவ மடங்களைப் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். காவி கட்டியவனை ஏன் கட்டினாய் என்று இங்கே யாரும் கேட்பதில்லை. கழற்றினால்தான் கேட்பார்கள்.

என்னிடமும் கேட்டார்கள். எங்கள் தெருவில் ஒரு பெரியம்மா, மாரியம்மனுக்கு வருஷா வருஷம் தீச்சட்டி எடுப்பவர். ஒரு நாள் நாற்றங்காலில் நிற்கிறேன், வரப்பிலிருந்து கூப்பிட்டார். மகளுக்குப் பிரசவ வலி, ஆஸ்பத்திரிக்குக் கிளம்புகிறார்கள். "தம்பி, ஒரு ஜெபம் சொல்லிட்டுப் போயேன்பா."

"பெரியம்மா, நான் இப்ப ஆபீசர் இல்லையே."

"அது உங்க ஆபீஸ் வெவகாரம். நீ சொல்லு."

முழங்கால் வரை சேறு. வரப்பிலேயே நின்று சொன்னேன். சொல்லி முடித்ததும் அவர் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "அந்த வெள்ளைச் சட்டை இருந்தா நல்லாருந்திருக்கும்" என்றார். ஜெபம் பத்தவில்லை என்ற மாதிரி! எனக்குச் சிரிப்பு வந்தது. அப்புறம் யோசித்தால் அவர் சொன்னதிலும் ஒரு நியாயம் இருந்தது. பஸ்ஸில் இருந்தவர்கள் அந்தச் சட்டைக்கு இடம் கொடுத்தார்கள், சரி. பெரியம்மா அதற்கு இடம் கொடுக்கவில்லை, வேலை கொடுத்தார். யாரும் எந்த நேரத்திலும் கூப்பிடலாம் என்று ஊருக்கு எழுதி ஒட்டிய நோட்டீஸ் மாதிரி அதைப் பார்த்திருக்கிறார். நான் ராஜினாமா கொடுத்தது தலைமையகத்துக்கு. அவரிடம் கொடுக்கவில்லை.

அன்று ராத்திரி டிரங்குப் பெட்டியைத் திறந்தேன். தோள்பட்டையும் சின்னமும் முன்பே ஒப்படைத்தாகிவிட்டது. சட்டை இருந்தது, ரசகற்பூர உருண்டை வாசத்தோடு. காலரில் ஊசி குத்திய ஓட்டைகள் அப்படியே இருந்தன. போட்டுப் பார்த்தேன். நடுவில் இரண்டு பொத்தான் சேரவில்லை. மனைவி கதவோரம் நின்று, "பிரிச்சுத் தைக்கக் கொடுக்கவா?" என்று கேட்டாள். பதில் சொல்லவில்லை. மறுநாள் அவளே டெய்லரிடம் எடுத்துப் போய்விட்டாள். சேனைச் சட்டையாக இல்லை, சும்மா வெள்ளைச் சட்டையாக. ஓட்டையை அடைக்கட்டுமா என்று டெய்லர் கேட்டாராம். வேண்டாம் என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறாள்.

இப்போது போட்டிருப்பது அதுதான். கேள்வி இருந்தால் கேளுங்கள். எட்டு மணிக்கு என் ஊர்ப் பக்கம் கடைசி பஸ்.