முக்கால் மீட்டர் கயிறு

வணக்கம் நேயர்களே. மரம் ஏற உதவும் முடிச்சையும் சாமான்களையும் பற்றிப் பேசச் சொல்லி என்னை வானொலிக்கு அழைத்திருக்கிறார்கள். கண்ணால் பார்த்தாலே பாதிப் பேருக்குப் பிடிபடாத விஷயம், காதால் கேட்டு எப்படிப் புரியும் என்று எனக்கே சந்தேகம்தான். கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தடித்த கயிறும் ஒரு ஷூ லேஸும் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

லேஸின் இரு முனைகளையும் முடிந்து வளையமாக்குங்கள். அதைக் கயிற்றின் மேல் போட்டு, வளையத்தின் ஒரு பக்கத்தை மறுபக்கத்துக்குள் நுழைத்து நுழைத்து மூன்று சுற்று சுற்றி இறுக்குங்கள். இப்போது அந்தச் சுற்றை விரலால் தள்ளினால் கயிற்றில் மேலும் கீழும் நகரும். தொங்கும் வாலைப் பிடித்து இழுத்தால் கவ்விக்கொண்டு அசையவே அசையாது. 1931-ல் கார்ல் ப்ரூசிக் என்ற ஆஸ்திரிய மலையேறி பரப்பிய முடிச்சு இது. கயிற்றில் தொங்கியபடி மரம் வெட்டுகிற நாங்கள் இன்றைக்கும் இதன் பேரப்பிள்ளைகளை நம்பித்தான் மேலே போகிறோம்.

ஏறும் கயிறு பொதுவாக 11 முதல் 13 மில்லிமீட்டர் தடிமன். அதைச் சுற்றிக் கவ்வும் பிடிகயிறு 8 முதல் 10 மில்லிமீட்டர். நீளம் முக்கால் மீட்டர் வரும். கடையில் வாங்கிய சாமானை அவரவர் தோதுக்கு ஏற்ப மாற்றிக்கொள்வது என்றால் முதலில் கை வைப்பது இந்தச் சின்னத் துண்டில்தான். உடம்பு கனத்தவருக்கு ஒரு சுற்று கூட வேண்டியிருக்கும். புதுக் கயிற்றின் வழவழப்பில் சரியாகப் பிடித்த முடிச்சு, அதே கயிறு பழசாகி மேற்பரப்பில் பிசிறு எழும்பியதும் இறுகிக்கொண்டு விட மறுக்கும். மழையில் நனைந்தால் குணம் இன்னொரு விதம். முடிச்சுக்குக் கீழே ஒரு குட்டிக் கப்பியைக் கோத்துவிட்டால், தொய்வை இழுக்கும்போது அதுவே முடிச்சை மேலே தள்ளிக்கொடுக்கும். ஒரு கை மிச்சம்.

பிடிகயிறு வாங்கும்போது சீட்டில் இருக்கும் பலத்தை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம். டைனீமா என்ற இழை எடைக்கு எடை எஃகைவிடப் பலமானது. ஆனால் 150 டிகிரி செல்சியஸை ஒட்டியே உருகிவிடும். பாலியெஸ்டர் உருக ஏறக்குறைய 260 டிகிரி வேண்டும். அராமிட் என்ற செயற்கை இழை உருகவே உருகாது. அதைவிட வெகு அதிகச் சூட்டில்தான் கருகும். வேகமாகச் சறுக்கி இறங்கும்போது உரசிச் சூடேறுவது பிடிகயிற்றின் அந்தச் சுற்றுகள்தானே? அதனால்தான் பிடிகயிற்றின் உறையில் அராமிடைச் சேர்த்துப் பின்னுகிறார்கள். அராமிடும் சொக்கத்தங்கம் இல்லை. மடித்து மடித்து நிமிர்த்தினால் உள்ளே இழை அறும், வெயிலும் ஆகாது. அதை அடிக்கடி மாற்றுவதைச் செலவு என்று நான் கணக்கு வைப்பதில்லை.

என் புத்திசாலித்தனம் ஒன்றைச் சொல்கிறேன். இடுப்புப் பட்டையின் முன்னால், இரண்டு தொடைகளுக்கும் நடுவே, குறுக்காக ஒரு பாலக்கயிறு இருக்கும். அதில்தான் முழு உடம்பும் தொங்கும். பக்கவாட்டில் திரும்ப வசதியாக இருக்கட்டும் என்று அதை நீட்டினேன். அதே வாரத்தில் பிடிகயிற்றையும் பத்து சென்டிமீட்டர் நீளமாக மாற்றினேன். தரையில் நின்று இழுத்துப் பார்த்தேன், அருமையாக இருந்தது. மேலே போய்க் காலை விட்டுத் தொங்கினேன். பாரம் ஏறியதும் எல்லாம் நீண்டு, முடிச்சு என் நடுவிரல் நுனிக்கு ஒரு விரற்கடை மேலே போய் நின்றது. அதைத் தொட முடியாவிட்டால் இறங்க முடியாது. சுவர்க்கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆடிக்கொண்டே யோசித்தேன். கடைசியில் கீழே தொங்கிய கயிற்று வாலைக் காலில் சுற்றி, அதன் மேல் எழும்பி நின்று, பாரத்தைக் குறைத்த பிறகுதான் முடிச்சு கைக்கு வந்தது. கீழே நின்றவர் சிரித்ததை இன்னும் மறக்கவில்லை.

அன்று முதல் எதை மாற்றினாலும், ஒரு நேரத்தில் ஒன்றுதான். மாற்றியதும் கால் தரையைத் தொட்டும் தொடாமலும் இருக்கிற உயரத்தில் முழுப் பாரத்தோடு தொங்கி, குலுக்கி, இறங்கிப் பார்ப்பேன். பத்து நிமிஷ வேலை.

பிடிகயிற்றின் முனையில் இருக்கும் வளையத்தை, அதாவது கண்ணியை, நாமே பின்னிக்கொள்ளலாமா என்று நிறையப் பேர் கேட்கிறார்கள். ஆசை நியாயமானது. முடிச்சு போட்டால் அந்த இடத்தில் கயிறு கால் பங்கோ மூன்றில் ஒரு பங்கோ பலத்தை இழக்கும். முனையைக் கயிற்றுக்குள்ளேயே செருகிப் பின்னிய கண்ணியில் பலம் ஏறக்குறைய அப்படியே இருக்கும். ஆனால் கணக்கைப் பாருங்கள். டைனீமா போல வழுக்கும் இழையில் பின்னிய உள்கூடான கயிற்றுக்கு, விட்டத்தைப் போல 72 மடங்கு நீளம் உள்ளே புதைய வேண்டும் என்பது பொது விதி. 10 மில்லிமீட்டர் கயிறு என்றால் ஒரு கண்ணிக்கே 72 சென்டிமீட்டர். நம் பிடிகயிறோ மொத்தமே முக்கால் மீட்டர்! குட்டைத் துண்டுக்கு வேறு வகைக் கயிறு, வேறு முறை, இயந்திரத் தையல், அதை இழுத்துச் சோதிக்கும் கருவி எல்லாம் வேண்டும். என்னிடம் அந்தக் கருவி இல்லை. ஆகவே தைத்து வரும் கண்ணியைத்தான் வாங்குகிறேன்.

என் தையல் ஆசையை எறிபையில் தீர்த்துக்கொள்கிறேன். உயரக் கிளைக்கு மேல் மெல்லிய நூல்கயிற்றைச் செலுத்த, அதன் நுனியில் கட்டி எறியும் சிறு பை அது. கெட்டித் துணியில் ஒல்லியாக, கத்தரிக்காய் மாதிரி அடி பெருத்து நுனி சிறுத்துத் தைத்து, இரும்புக் குண்டுமணிகளை 350 கிராம் அளவுக்கு நிரப்பினால் போதும். மேற்பக்கம் கூம்பி இருந்தால் கவைக்குள் மாட்டாமல் திரும்பி வரும். தையல் பிரிந்தால் குண்டுமணிதான் கொட்டும். அடியில் யாரும் நிற்காமல் பார்த்துக்கொண்டால் சரி.

அதே ஊசியை இடுப்புப் பட்டையின் பாரம் தாங்கும் நாடாவில் நான் நுழைப்பதில்லை. ஊசி குத்தும் ஒவ்வொரு இடத்திலும் இழை அறுபடும். காரபினர் என்ற உலோகக் கொக்கி வளையத்தில் பெயர் பொறிக்கிறேன் என்று துளை போடுவது, உளியால் கொத்துவது எல்லாம் வேண்டவே வேண்டாம். 22 கிலோநியூட்டன், அதாவது இரண்டு டன்னுக்கு மேல் தாங்கும் என்று அதில் பொறித்திருப்பது, தயாரித்தவர் கொடுத்த உருவத்துக்கு மட்டும். அடையாளத்துக்கு வண்ண டேப் ஒரு சுற்று போதும்; நாடாவில் ஒட்டினால் தையலை மறைக்காமல்.

கிளையில் மாட்டும் இருவளையப் பட்டையையும் சொல்லிவிடுகிறேன். கயிறு நேராகக் கிளையில் உரசினால் மரப்பட்டைக்கு அடியில் இருக்கிற உயிருள்ள படலம் தேய்ந்து மரத்துக்குக் காயம்; கயிற்றுக்கும் தேய்மானம். அதனால் இந்தப் பட்டையைக் கிளையைச் சுற்றிப் போட்டு, அதன் இரு முனை வளையங்கள் வழியாகக் கயிற்றை விடுகிறோம். பெரிய வளையம் ஒன்று, சின்ன வளையம் ஒன்று. வேலை முடிந்ததும் கயிற்று நுனியில் ஒரு குமிழைக் கட்டி இழுத்தால், அது பெரியதில் நுழைந்து சின்னதில் சிக்கிப் பட்டையையும் கீழே கொண்டுவந்துவிடும். இதை யோசித்தவருக்கு ஒரு கும்பிடு.

பழைய பிடிகயிற்றைத் தூக்கி எறிவதற்கு முன் அரையடித் துண்டுகளாக நறுக்கிவிடுவேன். முழுசாகக் கிடந்தால் யாராவது ஒரு பையன் எடுத்து முடிந்துகொண்டு மேலே போய்விடுவான். அப்படி நறுக்கிய ஒரு துண்டு என் சாவிக்கொத்தில் தொங்குகிறது. அதில் ஓரிடம் நகம்போலப் பளபளத்துக் கெட்டியாக இருக்கும். அவசரமாக இறங்கிய ஒரு சாயங்காலம் உருகிய இடம் அது.

நன்றி, வணக்கம்.