ஆல்பர்ட் பெல்: எட்டுப் புள்ளியில கைவிட்டுப் போன விருது

வணக்கம் மக்களே. இன்னைக்கு அமெரிக்க பேஸ்பால் ஆட்டக்காரர் ஆல்பர்ட் பெல். பேஸ்பால் பாக்குறவங்களுக்கு பேரி பாண்ட்ஸைத் தெரியும், அலெக்ஸ் ரோட்ரிகஸைத் தெரியும். அவங்களையும் நிறைய பேருக்குப் பிடிக்காது. ஆனா அவங்க மேல ஊக்கமருந்துக் கதை இருக்கு. பெல் விஷயம் வேற. இந்த மனுஷனைப் பிடிக்காமப் போனதுக்குக் காரணம் அவரோட குணம். அந்த வெறுப்பு எங்கெங்க எவ்வளவு வேலை செஞ்சுதுன்னு எண்ணியே காட்டலாம், ஏன்னா ஓட்டுக் கணக்கு இருக்கு.

முதல்ல 1995 சீசன். க்ளீவ்லேண்ட் டீம். முந்தின வருஷம் ஆட்டக்காரங்க பண்ணின ஸ்ட்ரைக்கால அந்த சீசனே 144 மேட்ச்தான். பெல் ஆடினது 143. அதுல 50 ஹோம் ரன், 52 டபுள். ஹோம் ரன் நம்ம சிக்ஸர் மாதிரி. டபுள்னா அடிச்சுட்டு ரெண்டாவது பேஸ் வரைக்கும் ஓடிச் சேர்றது. ஒரே சீசன்ல ரெண்டுமே 50-ஐத் தொட்ட ஒரே ஆள், இன்னைக்கு வரைக்கும், இவர்தான். செப்டம்பர்ல மட்டும் 17 ஹோம் ரன்.

அந்த வருஷ எம்.வி.பி., அதாவது மிக மதிப்புள்ள ஆட்டக்காரர் விருது, பாஸ்டனோட மோ வானுக்குப் போச்சு. வான் 39 ஹோம் ரன், சராசரி .300, அதாவது அடிச்ச ஹிட்டை பேட்டிங் வாய்ப்பால வகுத்த கணக்கு. பெல் சராசரி .317. ஆர்.பி.ஐ., அதாவது தன் அடியால டீமுக்கு வர வெச்ச ரன், ரெண்டு பேருக்கும் சரியா 126.

எப்படிப் போச்சு? இந்த விருதுக்கு ஓட்டுப் போடுறது பேஸ்பால் எழுத்தாளர் சங்கத்து நிருபர்கள். டீம் இருக்குற ஒவ்வொரு ஊருக்கும் ரெண்டு பேர். அப்போ அமெரிக்கன் லீக்ல 14 டீம், ஆக 28 ஓட்டு. ஒவ்வொருத்தரும் பத்துப் பேரை வரிசைப்படுத்தி எழுதணும். முதலிடத்துக்கு 14 புள்ளி, ரெண்டாவதுக்கு 9, மூணாவதுக்கு 8, அப்படியே இறங்கி பத்தாவதுக்கு 1. முடிவு: வான் 308, பெல் 300. முதலிட ஓட்டு வானுக்கு 12, பெல்லுக்கு 11.

இப்போ கவனிங்க. வானை ஒண்ணுலயும் பெல்லை ரெண்டுலயும் எழுதின ஒரே ஒரு நிருபர் அந்த ரெண்டு பேரையும் இடம் மாத்தி எழுதியிருந்தா போதும். பெல்லுக்கு அஞ்சு கூடும், வானுக்கு அஞ்சு குறையும். 305, 303. விருது பெல்லுக்கு. ஒரு ஆளோட பேனா, அவ்வளவுதான் வித்தியாசம்.

எழுத்தாளர்கள் பக்கத்து நியாயத்தையும் சொல்லிடறேன். க்ளீவ்லேண்ட் அந்த வருஷம் 100 ஜெயிச்சு 44 தோத்துது. டிவிஷன்ல, அதாவது லீக்குக்குள்ள இருக்குற பிரிவுல, அடுத்த டீமை விட 30 மேட்ச் முன்னாடி. அப்படி ஒரு டீம்ல ஒருத்தர் இல்லன்னாலும் ஜெயிச்சிருக்கும்னு வாதம் பண்ணலாம். பாஸ்டன் முதலிடம் வரும்னு யாரும் எதிர்பார்க்கல, அதுக்கு வான்தான் முகம். வாதம் தப்பில்ல. ஆனா எட்டுப் புள்ளிய விளக்க அது மட்டும் போதும்னு நான் நம்பல. பெல் நிருபர்களைப் பக்கத்துலயே சேர்க்கமாட்டார். கேள்வி கேட்டா முறைப்பார், இல்லன்னா திட்டுவார். வான் எல்லார்கிட்டயும் உக்காந்து பேசுவார். அதே வருஷம் சாம்பியனை முடிவு பண்ற உலகத் தொடர்ல, மூணாவது மேட்ச்சுக்கு முன்னாடி, டக்அவுட்ல இருந்த என்.பி.சி. நிருபர் ஹானா ஸ்டார்ம் மேல பெல் கெட்ட வார்த்தையில பாய்ஞ்சார். 50,000 டாலர் அபராதம். இது எம்.வி.பி. ஓட்டுப் போட்டு முடிஞ்சப்புறம் நடந்தது, ஏன்னா அந்த ஓட்டு ப்ளேஆஃப் தொடங்குறதுக்கு முன்னாடியே போயிடும். அதனால ஹானா ஸ்டார்ம் சம்பவத்தாலதான் விருது போச்சுன்னு யாராவது சொன்னா நம்பாதீங்க. தேதி ஒத்து வராது.

ரசிகர்கள் கதை இன்னும் நேரடி. பெல்லை ஆரம்பத்துல ஜோயின்னு கூப்பிடுவாங்க. 1990-ல குடிப்பழக்கத்துக்குச் சிகிச்சை எடுத்துட்டு வந்தப்புறம் ஆல்பர்ட்னு மாத்திக்கிட்டார். 1991-ல ஒரு ரசிகர் ஸ்டாண்ட்லேர்ந்து, 'என் வீட்ல பீர் பார்ட்டி, வாப்பா'ங்கற மாதிரி கத்தினார். பெல் கையில இருந்த பந்தை எடுத்து நேரா அந்த ஆள் நெஞ்சுல எறிஞ்சார். சஸ்பெண்ட் ஆனார். சிகிச்சை முடிச்சு வந்தவரை அதைச் சொல்லியே சீண்டுறது கேவலம்தான். ஆனா ஒரு மேஜர் லீக் ஆட்டக்காரர் கிட்டத்துலேர்ந்து பந்தை எறிஞ்சா என்ன வேகம் வரும்னு யோசிங்க. 1995 ஹாலோவீன்ல வீட்டு மேல முட்டை எறிஞ்ச பசங்களைக் காரை எடுத்துக்கிட்டு விரட்டினது தனி.

டீம் ஆளுங்க விஷயம்தான் எனக்கு ரொம்பப் பிடிச்சது. 1994 ஜூலை 15, சிகாகோ. எதிர் டீம் மேனேஜர் ஜீன் லமான்ட், பெல்லோட பேட்ல கார்க் இருக்குன்னு புகார் கொடுத்தார். அம்பயர் டேவ் ஃபிலிப்ஸ் பேட்டை வாங்கி அம்பயர் ரூம்ல வெச்சுப் பூட்டினார்.

கார்க் பேட் எப்படிப் பண்ணுவாங்க? தடிச்ச முனையில நடுவுல ட்ரில் போடுவாங்க. அரை இன்ச்லேர்ந்து ஒரு இன்ச் அகலம், ஆறுலேர்ந்து பத்து இன்ச் ஆழம். உள்ள கார்க்கை இடிச்சு அடைச்சு, வாயை மரத்தூளும் பசையும் குழைச்சு மூடி, உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பாங்க. பேட் ஒன்றரை அவுன்ஸ், அதாவது சுமார் 40 கிராம் குறையும். வீச்சு வேகமாகும், ஆனா மோதுற எடை குறைஞ்சிடும். அதனால பந்து கூடுதல் தூரம்லாம் போகாது, சோதிச்சுப் பார்த்துட்டாங்க. கடைசி நேரத்துல பேட்டைக் கொஞ்சம் சுலபமாத் திருப்பலாம், லாபம் அவ்வளவுதான். ஆபத்து என்னன்னா, நடுவுல குடைஞ்ச பேட் ஆட்டத்துல உடைஞ்சா கார்க் எல்லார் முன்னாடியும் கொட்டும். 2003-ல சாமி சோசாவுக்கு அப்படித்தான் ஆச்சு.

சரி, பூட்டின ரூம். க்ளீவ்லேண்ட் பிட்சர் (நம்ம பௌலர் மாதிரி) ஜேசன் க்ரிம்ஸ்லி, வாயில டார்ச்சைக் கவ்விக்கிட்டு, தங்களோட மேனேஜர் ரூம் சீலிங் வழியா மேல ஏறி, சுவர் மேலயே தவழ்ந்து போய் அம்பயர் ரூம்ல இறங்கி பேட்டை மாத்திட்டார். மாத்தி வெச்சது அதே டீம் பால் சொரன்டோவோட பேட். அதுல சொரன்டோ பேரே இருக்கு! பெல்லோட வேற பேட்டை வெச்சிருக்கலாமே? வைக்க முடியாது. அவரோட எல்லா பேட்லயும் கார்க். இதைப் பின்னால எழுதினது டீம்ல கூட ஆடின ஓமர் விஸ்கேல். அம்பயர்கள் வந்து பார்த்தா தரையில சீலிங் துண்டுங்க. கடைசியில நிஜ பேட்டை லீக் வாங்கி, எக்ஸ்ரே எடுத்து, ரம்பத்தால ரெண்டா அறுத்துச்சு. உள்ள கார்க். 10 மேட்ச் சஸ்பென்ஷன், அப்பீல்ல 7 ஆச்சு.

இவ்வளவு ரிஸ்க் எடுத்தாங்களே, பெல் மேல அவ்வளவு பாசமான்னு கேட்பீங்க. அப்போ டிவிஷன்ல முதலிடத்துக்கு மோதிக்கிட்டு இருந்தது க்ளீவ்லேண்டும் அதே சிகாகோவும்தான். அந்த சீசன் பெல் சராசரி .357. அவரை இழந்தா டீம் காலி. கூட ஆடுறவங்களுக்கு அவர் கோபக்காரர்ங்கறது தெரியும். க்ளப்ஹவுஸை, அதாவது டிரெஸ்ஸிங் ரூமை, ஃப்ரிட்ஜ் மாதிரி வெச்சிருப்பார், யாரோ ஏசியைக் குறைச்சதுக்குத் தெர்மோஸ்டாட்டை அடிச்சு நொறுக்கி 'மிஸ்டர் ஃப்ரீஸ்'னு பேர் வாங்கினவர். அதே ஆள் ஒவ்வொரு பிட்சர் பத்தியும் சின்ன அட்டையில குறிப்பு எழுதி வெச்சுப் படிப்பார். இது ரெண்டையும் பக்கத்துல இருந்து பார்த்தவங்க அவங்க. நிருபர்கள் கிட்ட வந்தது முதல் பாதி மட்டும்தான்.

இடுப்பு மூட்டுத் தேய்மானத்தால 34 வயசுல ஆட்டம் முடிஞ்சுது. 381 ஹோம் ரன், சராசரி .295. ஹால் ஆஃப் ஃபேமுக்கும், அதாவது பெரிய ஆட்டக்காரங்களுக்கான கௌரவ மண்டபத்துக்கும், ஓட்டு அதே சங்கம், பத்து வருஷ மெம்பர்கள். உள்ள போக 75 சதவீதம், அடுத்த வருஷமும் பட்டியல்ல நீடிக்க 5 சதவீதம் வேணும். 2006-ல 520 ஓட்டுல 40, அதாவது 7.7. 2007-ல 545-ல 19, அதாவது 3.5. பட்டியலை விட்டே வெளியே. பன்னிரண்டு சீசன்தான் ஆடினார், ஃபீல்டிங் சுமார், அதனால உள்ள விடலன்னா புரியுது. ஆனா ரெண்டே வருஷத்துல 5 சதவீதத்துக்குக் கீழயா? அது எனக்கு ஆட்டத்துக்குப் போட்ட மார்க்காத் தெரியல.

எல்லாப் பழியையும் எழுத்தாளர்கள் தலையில போடவும் முடியாது. 2022 டிசம்பர்ல ஹால் ஆஃப் ஃபேமோட 16 பேர் கமிட்டி பெல்லை மறுபடி பார்த்துச்சு. உள்ள போக 12 ஓட்டு வேணும். அதே பட்டியல்ல இருந்த ஃப்ரெட் மெக்ரிஃப்புக்கு 16-க்கு 16. பெல்லுக்கு நாலு கூட வரல. யார் யாருக்குப் போட்டாங்கன்னு வெளியே சொல்லமாட்டாங்க. அந்தக் கமிட்டியில முன்னாள் ஆட்டக்காரங்களும் உக்காந்திருந்தாங்க. 1997, 98-ல சிகாகோவுல பெல் கூட ஒரே டீம்ல ஆடின ஃப்ராங்க் தாமஸும் அதுல ஒருத்தர்.