வீட்டில்தான் இருந்தேன்

நேயர்களுக்கு வணக்கம்.

நாட்குறிப்பு என்றதும் தலைவர்களும் எழுத்தாளர்களும் எழுதியதுதான் பலருக்கும் ஞாபகம் வரும். அவை அச்சில் இருக்கின்றன, வேண்டியவர்கள் வாங்கிப் படித்துக்கொள்ளலாம். நான் பேச வந்தது ஊரில் நாலு பேருக்கு மேல் தெரியாத ஆட்கள், யாரும் படிப்பார்கள் என்ற நினைப்பே இல்லாமல் எழுதி வைத்த குறிப்புகளைப் பற்றி. பல வருஷமாக இவற்றைத் தேடிப் பிடித்துப் படித்து வருகிறேன், இன்னும் அலுக்கவில்லை.

உங்கள் வீட்டுச் சமையலறையில் ஒரு மாதக் காலண்டர் தொங்கும். பால் வராத நாளைச் சுற்றி ஒரு வட்டம், சிலிண்டர் மாற்றிய தேதி, வீட்டு வேலைக்கு வரும் அக்காவுக்குக் கொடுத்த முன்பணம், மாத்திரை தீர்கிற நாள். டிசம்பர் முடிந்ததும் அதைக் கழற்றிப் பிள்ளைகளின் நோட்டுக்கு அட்டை போட்டுவிடுவோம். அப்புறம் பரண்மேல் ஒரு மொய் நோட்டு கிடக்கும், யார், எந்த ஊர், எவ்வளவு, ரொக்கமா பாத்திரமா என்று எல்லாம் அதில் இருக்கும். என்னைக் கேட்டால் இவையும் நாட்குறிப்புதான். ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதற்கு ஒரு மருத்துவச்சியின் கதையைச் சொல்ல வேண்டும். கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், இன்றைய மெய்ன் மாநிலத்தில், கென்னபெக் என்றொரு ஆறு. அதன் கரையில் ஹாலோவெல் என்ற ஊர். அங்கே மார்த்தா பல்லார்ட் என்ற பெண் 1785 ஜனவரி முதல் தேதி குறிப்பு எழுத ஆரம்பித்தார். அப்போது அவருக்கு ஐம்பது வயது இருக்கும். கணவர் மரம் அறுக்கும் ஆலை நடத்தினார், நில அளவை வேலையும் பார்த்தார். ஒன்பது பிள்ளைகள் பெற்று, அதில் மூன்று பெண் குழந்தைகளை 1769இல் தொண்டை அடைப்பான் நோய்க்குச் சில நாட்களுக்குள் பறிகொடுத்தவர். 1812இல் சாவதற்குக் கொஞ்ச நாள் முன்பு வரை, இருபத்தேழு வருஷம் எழுதினார். இந்தக் காலத்தில் அவர் பார்த்த பிரசவங்கள் 816.

என்ன எழுதினார்? முதலில் வானிலை. மழை, தெளிவு, பனி. அப்புறம் எங்கே போனார், யார் வந்தார்கள், என்ன நூற்றார்கள், என்ன நெய்தார்கள். எங்கும் போகாத நாளில், வீட்டில்தான் இருந்தேன் என்று ஒரு வரி. பிரசவம் பார்த்தால் ஓரத்தில் வரிசை எண் போடுவார், கூலி வந்து சேர்ந்ததும் இரண்டு பெருக்கல் குறி. கூலி காசாகவும் வரும், துணியாகவும் தானியமாகவும் வரும். நம் ஊர்ப் பால் கணக்கு எழுதும் பெண்ணுக்கு இந்த நோட்டைக் கையில் கொடுத்தால் உடனே புரிந்துவிடும்.

1789 ஏப்ரலில் ஒரு நாள். கடும் மழை, புயல். மதியம் ஒரு மணிக்கு ஆள் வந்து கூப்பிடுகிறான். ஆற்றில் அலை புரள்கிறது, படகில் கடக்கிறார். வழியில் ஒரு ஓடை, அதில் மிதக்கிற கட்டைகள் மேல் கால் வைத்து அக்கரை போகிறார். குதிரையில் போகும்போது ஒரு பெரிய மரம் வேரோடு பெயர்ந்து கண்ணுக்கு முன்னால் விழுகிறது, குதிரை மிரண்டு பின்னால் துள்ளியதால் உயிர் தப்பியது. அந்தப் பக்கத்துக்காரர் ஒருவர் கைகொடுத்து மரத்தைத் தாண்ட வைக்கிறார். மேலே போனால் இன்னொரு ஓடை, பாலமே அடித்துக்கொண்டு போயிருக்கிறது. அழைக்க வந்த ஆள் தண்ணீரில் இறங்கி, கடிவாளத்தைப் பிடித்துக் குதிரையை இழுத்துக்கொண்டு போகிறான். நடுநடுவே கடவுளுக்கு நன்றி சொல்கிறார், ஆனால் தன்னைப் பெருமையாக ஒரு சொல் சொல்லிக்கொள்ளவில்லை. இரவு பத்து மணிக்கு அந்த வீட்டில் ஒரு பெண் குழந்தை நல்லபடியாகப் பிறந்தது, அதோடு குறிப்பு முடிகிறது.

எனக்கு இதைவிட மனதில் நிற்கிற இடம் வேறு ஒன்று. அந்தக் காலத்தில் அங்கே ஒரு வழக்கம் உண்டு. கல்யாணமாகாத பெண்ணுக்குப் பிரசவ வலி வரும்போது, தகப்பன் யார் என்று மருத்துவச்சி கேட்க வேண்டும். அந்த வேதனையில் பொய் வராது என்று நம்பினார்கள், சட்டமும் அந்த வாக்கை ஏற்றது. 1791 அக்டோபரில் சாலி பியர்ஸ் என்ற பெண்ணுக்குப் பிரசவம் பார்க்கப் போகிறார் மார்த்தா. கேட்கிறார். உங்கள் மகன் ஜோனதன்தான் என்கிறாள் அவள். கேட்டதை அப்படியே அன்றைய குறிப்பில் எழுதுகிறார். கோபம், வெட்கம், சமாதானம் எதுவும் அந்த வரியில் இல்லை. சில மாதங்களில் மகனுக்கும் சாலிக்கும் கல்யாணம் நடந்தது, அதுவும் அதே நோட்டில் இருக்கிறது. மாமியாரே பிரசவம் பார்த்து, மாமியாரே வாக்குமூலம் வாங்கி, மாமியாரே எழுதி வைத்திருக்கிறார். ஒரு எழுத்துகூட மாற்றவில்லை. அந்த நேர்மையை நினைத்தால் இப்போதும் எனக்கு உடம்பு சிலிர்க்கிறது.

சரி, இவ்வளவு இருந்தும் அந்த ஊர் வரலாற்றை முதலில் எழுதியவர்கள் இந்த நோட்டுகளைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அற்பம், சொன்னதையே சொல்கிறது என்று ஒதுக்கினார்கள். பிறகு லாரல் தாட்சர் உல்ரிக் என்ற வரலாற்றாய்வாளர் வந்து, திரும்பத் திரும்ப வருகிற அந்த வரிகளைத்தான் பிடித்துக்கொண்டார். வரிப் பட்டியல், நிலப் பத்திரம் எதிலும் பெண்கள் சம்பாதித்தது கிடையாது, எல்லாம் ஆண்கள் பெயரில். மார்த்தாவின் நோட்டில்தான் யார் வீட்டுத் தறியில் யார் மகள் நெய்தாள், யார் யாருக்கு உழைப்பைக் கடன் கொடுத்தாள் என்பதெல்லாம் தெரிகிறது. மகள்கள் வீட்டில் தறி போட்டு, சமைத்து, துவைத்தபோது அம்மாவால் ராத்திரி பகல் பார்க்காமல் பிரசவத்துக்குப் போக முடிந்தது, அவர்கள் கல்யாணமாகிப் போனதும் அது கஷ்டமாகிவிட்டது. ஒரே ஒரு நாள் குறிப்பைப் படித்தால் இது பிடிபடாது. இருபத்தேழு வருஷத்து அலுப்பான வரிகளைக் கோர்த்தால்தான் பிடிபடும். மறுபடியும் சொல்கிறேன், அந்த அலுப்பான வரிகள்தான் சொத்து. அந்த ஆய்வுக்கு 1991இல் புலிட்சர் பரிசு கிடைத்தது.

நமக்கும் ஒரு பெரிய நாட்குறிப்பு உண்டு, பள்ளிக்கூடத்திலேயே கேள்விப்பட்டிருப்பீர்கள். புதுச்சேரி ஆனந்தரங்கப் பிள்ளை, பிரெஞ்சு கவர்னர் தியூப்ளே காலத்துத் துபாஷ், அதாவது மொழிபெயர்த்துச் சொல்லும் தரகர், 1736 முதல் 1761 வரை தமிழில் எழுதினார். அவர் சாதாரண ஆள் கிடையாது, கவர்னரிடம் நேரே பேசுகிற இடத்தில் இருந்தவர். ஆனாலும் கப்பல் வந்தது, பீரங்கி போட்டார்கள், ஊரில் இன்ன வதந்தி என்று அவர் எழுதுகிற தமிழ் பேச்சுத் தமிழுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அன்றைக்கு ஜனங்கள் எப்படிப் பேசினார்கள் என்று தெரிந்துகொள்ள எந்தக் காவியத்திடமும் போக முடியாது, இவரிடம்தான் போக வேண்டும். அவர் தெருவில் ஒரு மருத்துவச்சியும் எழுதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்று எனக்கு ஒரு ஏக்கம் உண்டு.

இத்தாலியில் பியேவே சாந்தோ ஸ்தேஃபானோ என்று ஒரு சின்ன ஊர். இரண்டாம் உலகப் போரில், 1944இல் பின்வாங்கிய ஜெர்மன் படை அதைத் தகர்த்துவிட்டுப் போனது. அந்த ஊரில் சவேரியோ துத்தினோ என்ற பத்திரிகையாளர் 1984இல் ஒரு காப்பகம் தொடங்கினார். சாமானியர்களின் நாட்குறிப்பும் கடிதமும் தன்வரலாறும் மட்டுமே அங்கே சேர்ப்பார்கள். அங்கே ஒரு படுக்கை விரிப்பு இருக்கிறது. கிளேலியா மார்க்கி என்ற விவசாயப் பெண்ணின் கணவர் 1972இல் விபத்தில் இறந்துபோனார். தூக்கம் வராத ராத்திரிகளில் எழுத உட்கார்ந்தார், காகிதம் தீர்ந்தது, பீரோவில் இருந்த கல்யாண விரிப்பை எடுத்தார். இனி அதை விரித்துக் கணவரோடு படுக்கப்போவதில்லை, எழுதவாவது ஆகட்டும் என்றுதான். நுனி முதல் நுனி வரை பேனாவால் தன் வாழ்க்கையை எழுதி, 1986இல் காப்பகத்தில் கொண்டுபோய்க் கொடுத்தார். சிசிலியில் சாலை வேலை பார்த்த வின்சென்சோ ரபீத்தோவின் காகிதங்களும் அங்கேதான் இருக்கின்றன, எழுதப் படிக்கச் சரியாகத் தெரியாதவர், ஆயிரம் பக்கத்துக்கு மேல் தட்டச்சு செய்து ஒவ்வொரு சொல்லுக்கும் பிறகு ஒரு அரைப்புள்ளி வைத்தார். இவரைப் பற்றித் தனியாகப் பேச ஆசை, ஆனால் நேரமாகிறது என்று ஸ்டுடியோ கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கையைக் காட்டுகிறார்கள்.

ஆகவே வேகமாகச் சொல்லிவிடுகிறேன். இங்கிலாந்தில் 1937இல் மாஸ் அப்சர்வேஷன் என்று ஒரு அமைப்பு ஆரம்பித்தது, பொதுமக்களிடம் உங்கள் நாளை எழுதி அனுப்புங்கள் என்று கேட்டார்கள். போர்க்காலத்தில் நூற்றுக்கணக்கானவர்கள் எழுதினார்கள், பாரோ என்ற கப்பல் கட்டும் ஊரில் நெல்லா லாஸ்ட் என்ற இல்லத்தரசி 1939இல் தொடங்கி 1966 வரை விடவில்லை. ரேஷன், குண்டு வீச்சு, அதிகம் பேசாத கணவர், எல்லாம் உண்டு.

பழைய நோட்டு கையில் கிடைத்தால் முதலில் வருஷத்தைப் பாருங்கள். தேதியும் கிழமையும் இருக்கும், வருஷம் இருக்காது. வீட்டுப் பெரியவர்களைக் கேட்டு முதல் பக்கத்தில் பென்சிலால் எழுதிவிடுங்கள், பேனா வேண்டாம். இதை விரிவாகச் சொல்லத்தான் வந்தேன், நேரம் இடம் கொடுக்கவில்லை.

கடைசியாக ஒருவர். எகிப்தின் செங்கடல் கரையில் வாதி அல்ஜர்ஃப் என்ற இடத்தில் 2013இல் பியர் தாலே என்ற பிரெஞ்சு ஆய்வாளரின் குழு பாப்பிரஸ் என்ற நாணல் தாள் துண்டுகளைக் கண்டெடுத்தது. நாலாயிரத்து ஐந்நூறு வருஷத்துப் பழையவை. மேரர் என்ற மேற்பார்வையாளர் துரா சுரங்கத்திலிருந்து கிசாவுக்குப் படகில் சுண்ணாம்புக் கல் ஏற்றிப் போனதை நாள்வாரியாக எழுதியிருக்கிறார், கூஃபு மன்னனின் பிரமிடு வேலைக்காக. இன்று கல் ஏற்றினோம், இன்ன இடத்தில் ராத் தங்கினோம், இவ்வளவுதான். வணக்கம் நேயர்களே.