அருகில் போட்ட நாற்காலி

பெருமதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, தொடக்கவுரை ஆற்றிய கல்வித்துறை இயக்குநர் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் குழந்தைநல மருத்துவர்களே, இயன்முறை மருத்துவர்களே, பேச்சுப் பயிற்சியாளர்களே, விடுமுறை நாள் என்றும் பாராமல் வந்திருக்கும் ஆசிரியப் பெருமக்களே, பிள்ளைகளை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு மனத்தை அங்கேயே விட்டு வந்திருக்கும் பெற்றோர்களே, உங்கள் அனைவருக்கும் என் பணிவான வணக்கம்.

தலைவர் அவர்கள் என்னைப் பற்றிச் சொன்ன புகழுரைகளில் பாதியை அவருடைய பெருந்தன்மையின் கணக்கில் வரவு வைத்துவிடுகிறேன்; மீதிப் பாதியை என் வீட்டார் நம்பமாட்டார்கள். இயக்குநர் அவர்கள் தம் உரையை எட்டு நிமிடத்தில் முடித்து எனக்கு ஒரு முன்மாதிரியைக் காட்டியிருக்கிறார்கள். அதைப் பின்பற்ற இயலாமைக்கு இப்போதே பொறுத்தருள வேண்டுகிறேன்.

குழந்தை தானே தேர்ந்து, தன் கையால் செய்து கற்கும் மாண்டிசோரி மழலையர் வகுப்பில், உடலாலோ அறிவு வளர்ச்சியாலோ வேறுபட்ட குழந்தைக்கு இடம் எப்படிக் கிடைக்கிறது என்பதே எனக்குத் தரப்பட்ட பொருள். இந்த முறையின் வரலாறு, வகுப்பறையின் அமைப்பு, ஆசிரியர் பயிற்சியும் அதற்கான நிதியும் என்று மூன்று பகுதிகளாகப் பேசுவதாக அழைப்பிதழுக்கு எழுதிக் கொடுத்தேன். மூன்றுக்கும் பொதுவாக நான் கையில் எடுத்துக்கொண்டு வந்திருப்பது நம் பாட்டிமார் சொன்ன ஒரே ஒரு பழமொழி: தன் கையே தனக்கு உதவி.

வரலாற்றில் நாம் எளிதாக மறந்துவிடும் உண்மை ஒன்று உண்டு. மாண்டிசோரி முறை, நல்ல நிலையில் இருந்த குழந்தைகளுக்காக உருவாகி, பிறகு இரக்கப்பட்டு மற்றக் குழந்தைகளுக்கும் கதவைத் திறந்துவிட்ட முறை அன்று. அது பிறந்ததே மறுபக்கத்தில். 1800ஆம் ஆண்டு பிரான்சின் அவேரோன் பகுதியில் காட்டிலிருந்து வெளிவந்த, பேச்சறியாத சிறுவனுக்கு விக்டர் என்று பெயரிட்டுப் பல ஆண்டுகள் பயிற்றுவித்தவர் இட்டார் என்ற மருத்துவர். அவர் வழியில் வந்த எட்வர்ட் செகாங், அறிவு வளர்ச்சி குன்றியவர்கள் என்று ஒதுக்கப்பட்ட குழந்தைகளுக்குக் கையாலும் கண்ணாலும் தொடங்கும் பயிற்சிகளை வகுத்தார். இந்த இருவருடைய எழுத்துகளையும் மரியா மாண்டிசோரி தம் கைப்படவே இத்தாலிய மொழியில் பெயர்த்து எழுதிக்கொண்டார். 1896இல் மருத்துவப் பட்டம் பெற்ற அந்த அம்மையார், 1900இல் ரோமில் இத்தகைய குழந்தைகளுக்கான பள்ளியை நடத்தும் பொறுப்பை ஏற்றபோது, அவர்களில் சிலர் மற்றப் பிள்ளைகளுடன் பொதுத் தேர்வு எழுதித் தேறினார்கள். ஊரே வியந்தது. அவரோ, இவ்வளவு தடைகளுடைய குழந்தைகள் இதைச் செய்ய முடியுமென்றால், தடையேதும் இல்லாத குழந்தைகளை நம் பள்ளிகள் எதைச் செய்து இந்த மட்டத்திலேயே நிறுத்தி வைத்திருக்கின்றன என்று கேட்டார். அந்தக் கேள்வியின் தொடர்ச்சிதான் 1907 ஜனவரி 6 அன்று ரோமின் சான் லொரென்சோ குடியிருப்பில் திறக்கப்பட்ட குழந்தைகள் இல்லம்.

ஆகவே, இன்று ஒரு மாண்டிசோரிப் பள்ளி, "உங்கள் குழந்தைக்கு எங்கள் முறை ஒத்துவராது" என்று ஒரு தாயைத் திருப்பி அனுப்பும்போது, அந்த முறையின் மூத்த வாரிசையே வாசலில் நிறுத்திவைக்கிறது என்பதை அப்பள்ளி அறிய வேண்டும். கழிப்பறைக்குத் தானே போகத் தெரிய வேண்டும், ஓரிடத்தில் அமர வேண்டும், சொன்னால் புரிந்துகொள்ள வேண்டும் என்று சேர்க்கைக்கு நிபந்தனை போடுகிறார்கள். சுதந்திரத்தைக் கற்றுத்தரும் இடத்தில் நுழைய, அதை முன்பே கற்று வந்திருக்க வேண்டுமாம்!

ஒன்றாகக் கற்பது நடைமுறைக்கு ஒவ்வாது என்பவர்களுக்கு ஒன்றிரண்டு சான்றுகள் போதும். மியூனிக் நகரில் குழந்தை மருத்துவர் ஹெல்புருகே 1960களின் இறுதியிலேயே, குறைபாடுள்ள குழந்தைகளும் இல்லாத குழந்தைகளும் சேர்ந்து பயிலும் மாண்டிசோரி வகுப்புகளுக்கு வழிசெய்தார். இத்தாலி 1977இல் சட்டம் இயற்றித் தனி வகுப்புகளை மூடியது. 1994இல் ஸ்பெயினின் சலமான்காவில் 92 அரசுகள் கூடி, பொதுப் பள்ளி எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது என்று அறிவித்தன. 2006ஆம் ஆண்டின் ஐ.நா. மாற்றுத்திறனாளிகள் உரிமை உடன்படிக்கை, தன் 24ஆவது பிரிவில் அதைக் கடமையாகவே ஆக்கிவிட்டது. அறிவிப்புகளுக்குப் பஞ்சமில்லை. ஆனாலும் குழந்தையின் பெயர் வருகைப் பதிவேட்டில் ஏறுவதும், அந்தக் குழந்தை வகுப்பில் ஒருவராக ஆவதும் வெவ்வேறு.

இனி வகுப்பறைக்கு வருகிறேன். மூன்று வயதும் ஆறு வயதும் ஒரே அறையில் இருக்கும் வகுப்பில் எந்த இரண்டு குழந்தைகளும் ஒரே நேரத்தில் ஒரே வேலையைச் செய்வதில்லை. ஒருவன் தண்ணீர் ஊற்றப் பழகுகிறான். ஒருத்தி மணல்தாள் எழுத்தின் மேல் விரலை ஓட்டுகிறாள். இன்னொருவன் பத்துக் கனசதுரங்களை அடுக்கிக் கோபுரம் கட்டுகிறான். எல்லாரும் ஒரே பக்கத்தைத் திறந்து வைத்திருக்கும் வகுப்பில் பின்தங்கிய குழந்தையைப் பார்த்தவுடன் தெரிந்துவிடும். இங்கே பின்தங்குவதற்கு வரிசையே இல்லை. ஒவ்வொரு சாதனமும் அறையில் ஒன்றுதான் இருக்கும் என்பதால், வேண்டுபவர் காத்திருக்கவும் கேட்கவும் விட்டுக்கொடுக்கவும் வேண்டியிருக்கிறது. பிழையையும் ஆசிரியர் சுட்டுவதில்லை, சாதனமே காட்டிக்கொடுத்துவிடுகிறது. இவ்வளவும் இருந்தும் காரியம் கெட்டுப்போகும் ஒரு வழி உண்டு. அதை நான் நேரில் கண்டேன்.

நண்பர் ஒருவர் நடத்தும் மழலையர் வகுப்பில் பெருமூளை வாதம் உள்ள நான்கு வயதுப் பையன் ஒருவன். அறிவில் குறைவில்லை; வலக்கை மட்டும் சொன்னபடி கேட்காது. அவனுக்கென்று ஒரு ஷேடோ டீச்சர், அதாவது அவன் ஒருவனுக்கு மட்டும் உடனிருந்து உதவும் துணையாளர். பொன்னான மனம் படைத்த பெண். அவனைத் தன் பிள்ளையைப் போலவே பார்த்துக்கொண்டாள். அவன் பாய்க்குப் பக்கத்தில் ஒரு சிறு நாற்காலி, அதில் நாள் முழுவதும் அவள். அவன் விரும்பி எடுப்பது உருளைக் கட்டை. நீண்ட மரக்கட்டை ஒன்றில் பத்துக் குழிகள், ஒவ்வொரு குழியிலும் குமிழ் வைத்த ஓர் உருளை. எல்லாவற்றையும் வெளியே எடுத்து, கலைத்து, அளவு பார்த்துத் திரும்பப் பொருத்த வேண்டும். பையன் குமிழைப் பிடித்துத் தூக்குவான். உருளை பாதி மேலே வரும். அதற்குள் அந்த அம்மாளின் விரல் வந்து மீதியைத் தூக்கிவிடும். நாளடைவில் பையன் என்ன செய்தான் தெரியுமா? குமிழைத் தொட்டுவிட்டு, அவள் முகத்தைப் பார்த்துக் காத்திருக்கப் பழகிவிட்டான். அவள் உருளையைத் தூக்கக் கற்றுக்கொண்டாள். அவன் அவளை அழைக்கக் கற்றுக்கொண்டான். (சிரிப்பு)

இதைவிட என்னை உறுத்தியது வேறொன்று. மற்றக் குழந்தைகள் வந்து, "அவனுக்குத் தண்ணி வேணுமா?" என்று கேட்பார்கள். கேட்பது அவனை அல்ல, நாற்காலியை! அவனும் அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறான். அவனுக்குக் காது நன்றாகவே கேட்கும்.

நண்பர் ஒருநாள் அந்தப் பெண்ணை அழைத்து, "அம்மா, நாளை முதல் கை கழுவும் மூலையும் செடிகளும் உங்கள் பொறுப்பு, எல்லாக் குழந்தைகளுக்கும் நீங்கள்தான்" என்று சொல்லி நாற்காலியை எடுத்துவிட்டார். முதலில் நடந்தது நல்லதாக இல்லை என்பதை மறைக்காமல் சொல்கிறேன். பையன் அழுதான், கட்டையை எடுக்கவே இல்லை. பிறகு ஐந்து வயதுச் சிறுமி ஒருத்தி, இடம் காலியாக இருக்கிறதென்று கண்டு, பதவியேற்றுக்கொண்டாள். (பலத்த சிரிப்பு) அவன் எடுப்பதற்கு முன் அவளே எல்லா உருளைகளையும் எடுத்து வரிசையாக வைத்துவிடுவாள். ஒருநாள் அவன் அவள் கையைத் தட்டிவிட்டான். அவள் நேரே ஆசிரியரிடம் போய், "உதவி பண்ணினா தள்ளுறான் மிஸ்" என்று புகார் கொடுத்தாள். ஆசிரியை, "என்ன உதவி வேணும்னு அவனைக் கேட்டியா?" என்றார். கேட்கவில்லை. திரும்பிப் போய்க் கேட்டாள். பையன் பேசவில்லை, அவள் கையைப் பிடித்து இழுத்துக் கட்டையின் ஒரு முனையில் வைத்தான். அழுத்திப் பிடித்துக்கொள் என்று பொருள்!

அப்போதுதான் பெரியவர்கள் நாங்கள் கவனித்தோம். அவன் விரலில் இருந்த வலு போதுமானதுதான். மறுகையால் கட்டையை அழுத்திப் பிடிக்க முடியாததால், ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கட்டை பாயின் மேல் வழுக்கிக்கொண்டே போனது. இவ்வளவு நாள் அருகிலேயே அமர்ந்திருந்தவர் கண்ணுக்கு அது தெரியவில்லை; வழுக்குவதற்குள் அவர் விரல் வந்துவிடுகிறதே, எப்படித் தெரியும்? மறுநாள் கட்டைக்கு அடியில் ஒரு ரப்பர் விரிப்பைப் போட்டார்கள். அதற்குமேல் அந்தச் சிறுமியும் தேவைப்படவில்லை, அவளுக்கு அதில் சற்று வருத்தம்தான். தன் கையே தனக்கு உதவி என்பது, உதவி வேண்டாம் என்று சொல்லும் பழமொழி அன்று. எந்த இடத்தில் உதவி வேண்டும் என்பதை அந்தக் கைக்குச் சொந்தக்காரர் சொல்லட்டும் என்று சொல்லும் பழமொழி.

இதிலிருந்துதான் என் வேண்டுகோள் பிறக்கிறது. என்னை அறிந்தவர்கள் இதை எதிர்பார்த்தே வந்திருப்பீர்கள்; எந்த மேடை ஏறினாலும் நான் இங்கேதான் வந்து சேருவேன் என்று செயலாளர் அவர்கள் கேலி செய்வதுண்டு. ஒரு குழந்தைக்கு ஒரு துணையாளர் என்று ஒட்டவைக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். வகுப்புக்கு இன்னொரு ஆசிரியர் வேண்டும், கட்டாயம் வேண்டும். அவர் வகுப்பு முழுமைக்கும் உரியவராக இருக்க வேண்டும். பல பள்ளிகள், "உங்கள் செலவில் ஓர் ஆளை அனுப்பினால் சேர்த்துக்கொள்கிறோம்" என்று பெற்றோரிடம் சொல்கின்றன. மற்றப் பெற்றோருக்கு இல்லாத ஒரு கட்டணத்தை இந்தப் பெற்றோருக்கு மட்டும் விதித்துவிட்டு, அதற்கு உள்ளடக்கிய கல்வி என்று பெயர் சூட்டுவதை என்னால் ஏற்க முடியவில்லை.

இதற்கு மறுப்பு உண்டு என்பதை அறிவேன். திடீரென்று ஓடிவிடும் குழந்தை, வலிப்பு வரும் குழந்தை, உணவைக் குழாய் வழியே பெறும் குழந்தை என்று ஒருவர் உடனிருந்தே தீர வேண்டிய நிலைகள் உண்டு. மருத்துவர்கள் முன்னிலையில் அதை நான் மறுக்கத் துணியமாட்டேன். அதேபோல், திறந்த அலமாரியும் கலகலப்பும் ஆட்டிசம் உள்ள சில குழந்தைகளைத் திணறடிக்கும். அவர்களுக்கு இரண்டு சாதனங்களை மட்டும் எடுத்து வைத்து இதுவா அதுவா என்று கேட்பதும், அமைதியான மூலை ஒன்றை ஒதுக்குவதும் தேர்வுச் சுதந்திரத்துக்கு எதிரானவை அல்ல. அந்த நிலைகளிலும், துணையாளர் எங்கே அமர்கிறார், எப்போது எழுந்து போகிறார், கையை எப்போது பின்னால் கட்டிக்கொள்கிறார் என்று எழுதிவைத்த திட்டம் ஒன்று இருக்க வேண்டும் என்பதே என் வாதம்.

ஆசிரியர் பயிற்சி, நிதி என்ற மூன்றாம் பகுதிக்கு வருவதற்குள் தலைவர் அவர்கள் கைக்கடிகாரத்தை இரண்டு முறை பார்த்துவிட்டார்கள். அதைப் பிற்பகல் அமர்வில் பேசவிருக்கும் அறிஞர்களிடம் ஒப்படைக்கிறேன்; என்னைவிட நன்றாகவே சொல்வார்கள். அந்த அமர்வின் முடிவில் ஒரு தீர்மானம் முன்மொழியப்படவிருக்கிறது. சேர்க்கைப் படிவத்தில் "பெற்றோர் ஏற்பாடு செய்யும் துணையாளர்" என்ற வரியை உறுப்புப் பள்ளிகள் நீக்க வேண்டும் என்பது அதன் முதற்கூறு. துணையாளர் இன்றியமையாத இடத்தில் அவருக்கான செலவைப் பள்ளியே ஏற்று, ஒவ்வொரு பருவத்தின் இறுதியிலும் அவருடைய இருக்கை அவசியம்தானா என்று பெற்றோருடன் கூடி ஆராய வேண்டும் என்பது இரண்டாவது. தீர்மானத்தின் நகல்கள் வாயிலருகே மேசையில் வைக்கப்பட்டுள்ளன. இரண்டாவது கூறின் சொற்களில் திருத்தம் வேண்டுவோர் உணவு இடைவேளைக்குள் செயலாளர் அவர்களிடம் எழுதித் தருமாறு கேட்டுக்கொண்டு, வாய்ப்பளித்த தலைவர் அவர்களுக்கு நன்றி கூறி அமர்கிறேன். வணக்கம்.