ஒரு பின்னலுக்காக நடந்த வழக்கு

நேயர்களுக்கு வணக்கம். அமெரிக்கக் கறுப்பினப் பெண்களின் அன்றாட வாழ்க்கையைப் பற்றிப் பேச வேண்டுமென்றால் தலைமுடியிலிருந்து தொடங்குவேன். காலையில் முதலில் கை போகும் இடம் அது. பள்ளிக்கூடமும் அலுவலகமும் விதி போடுகிற இடமும் அதுவே.

நெருக்கமாகச் சுருண்ட முடியில், தலையில் சுரக்கும் எண்ணெய் நுனிவரை இறங்காது. முடி சீக்கிரம் வறளும், சிக்கு விழும், சீப்பு பட்டால் அறுந்துபோகும். எண்ணெய் தேய்த்துக் குளித்த பிறகு நம் வீடுகளில் சிக்கெடுப்பது போலத்தான், அங்கேயும் நுனியில் ஆரம்பித்து வேர்ப்பக்கம் போவார்கள். ஆனால் முடி ஈரமாக இருக்கும்போதே கண்டிஷனர் தடவி, தலையை நான்கைந்து பாகமாகப் பிரித்துக்கொண்டு செய்வார்கள். தினமும் இப்படி இழுத்தால் முடி தாங்காது. அதனால் பின்னிவிடுகிறார்கள். பின்னல் அழகுக்கு மட்டுமல்ல, முடியைக் காப்பாற்றவும்தான். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், நீதிமன்றத்துக்குப் போகும்போது தேவைப்படும்.

பாக்ஸ் பிரெய்ட் என்ற பின்னலை எடுத்துக்கொள்வோம். முடியை அலசி, நன்றாகக் காயவைத்து, கூர்மையான காம்புள்ள சீப்பால் தலை முழுக்கச் சிறு சிறு சதுரங்களாக வகிடு எடுக்க வேண்டும். ஒவ்வொரு சதுரத்திலும் செயற்கை முடியைச் சேர்த்து, மூன்று கால் எடுத்துப் பின்னி, நுனியை வெந்நீரில் தோய்த்தால் அவிழாது. ஒரு தலைக்கு நாலு மணி நேரத்திலிருந்து எட்டு மணி நேரம் வரை ஆகும். ஆறு முதல் எட்டு வாரம் வைத்திருப்பார்கள், அதற்கு மேல் போனால் உதிர்ந்த முடியெல்லாம் வேர்ப்பக்கத்தில் சேர்ந்து சடை பிடித்துவிடும். இன்னொரு கெடுதல், இறுக்கம். சிறிய கற்றையில் கனமான செயற்கை முடியைச் சேர்த்து இறுக்கிப் பின்னினால் நெற்றியோரத்தில் சிறு கொப்புளம் வரும். வலித்தால் உடனே தளர்த்த வேண்டும். திரும்பத் திரும்ப அப்படியே பின்னினால் அந்த இடத்தில் முடி நிரந்தரமாகப் போய்விடும். சின்னப் பெண்பிள்ளைகளின் நெற்றியோரத்தை அம்மாக்கள் கவனித்துக்கொண்டே இருப்பது இதனால்தான்.

இப்போது வழக்கு. ரெனீ ராஜர்ஸ், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தில் பல வருடம் வேலை பார்த்த கறுப்பினப் பெண். 1980இல் தலையோடு ஒட்டிய வரிசைப் பின்னல், அதாவது கார்ன்ரோ, போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார். முழுப் பின்னல் கூடாது என்பது நிறுவன விதி. கொண்டை போட்டு அதன்மேல் பொய்முடி சுற்றிக்கொள் என்றார்கள். தலைவலி வருகிறது என்றார் அவர். 1981இல் நியூயார்க் கூட்டாட்சி நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது: தலைவலி வந்தால் இன்னும் பெரிய பொய்முடியாக வைத்துக்கொள்ளலாமாம்! இது தீர்ப்பிலேயே இருக்கிறது. வெள்ளைக்கார நடிகை ஒருவர் திரைப்படத்தில் இந்தப் பின்னலைப் பிரபலப்படுத்திய பிறகுதான் இவர் போட்டார் என்பதையும் நீதிபதி குறித்துவைத்தார். தலைமுறை தலைமுறையாக வந்த பின்னல், ஒரு படத்தால் வந்ததாகிவிட்டது.

தீர்ப்பின் அச்சாணி இதுதான்: விதி ஆணுக்கும் பெண்ணுக்கும் பொது, கறுப்பருக்கும் வெள்ளையருக்கும் பொது, எனவே பாகுபாடு இல்லை. பின்னல் என்பது மாற்றிக்கொள்ளக்கூடியது, பிறவியில் வந்ததல்ல. மாற்றிக்கொள்ளலாம் என்றால் என்ன விலை கொடுத்து? முடி அறுந்தா, பொய்முடி சுமந்தா? அதை நீதிமன்றம் கணக்கில் எடுக்கவில்லை.

இதே தர்க்கம் 1976இல் ஜெனரல் மோட்டார்ஸ் வழக்கிலும் வந்தது. 1964க்கு முன் அந்த நிறுவனம் கறுப்பினப் பெண்களை வேலைக்கே எடுக்கவில்லை. பிறகு ஆட்குறைப்பு வந்தது. பணிமூப்பில் கடைசியில் இருந்தவர்கள் அவர்கள், முதலில் வெளியே போனவர்களும் அவர்கள்தான். நீதிமன்றமோ, பெண்களை எடுத்திருக்கிறார்களே என்றது. அவர்கள் வெள்ளைக்காரப் பெண்கள். இனப் பாகுபாட்டுக் கோரிக்கையைத் தனியாக வேறொரு வழக்கோடு சேர்த்துக்கொள்ளுங்கள் என்றது. இனம் தனி, பாலினம் தனி என்று பார்த்தால், கறுப்பினப் பெண் இரண்டிலும் காணாமல் போகிறாள். சட்ட அறிஞர் கிம்பர்லே கிரென்ஷா 1989இல் எழுதிய கட்டுரையில் இந்த வழக்கைத்தான் எடுத்து அலசினார். கறுப்பினப் பெண்ணியம் நெடுநாளாகச் சொல்லிவந்ததும் இதுவே. பின்னல் வழக்கில் நடந்ததும் இதுவே.

2019இல் கலிபோர்னியா கிரவுன் சட்டத்தைக் கொண்டுவந்தது. முடியின் தன்மையும் பின்னல், சடைமுடி போன்ற வகைகளும் இனம் என்பதற்குள் அடங்கும் என்று எழுதிவைத்தது. பிறகு வேறு பல மாநிலங்களும் அதைப் பின்பற்றின. 2022இல் நாடு முழுவதற்குமான மசோதா கீழவையில் நிறைவேறியது, மேலவையில் நின்றுபோனது.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். முடியை நேராக்கும் ரசாயனத்தைப் பற்றி விரிவாகச் சொல்ல நினைத்தேன், சுருக்கமாகச் சொல்கிறேன். ரிலாக்சர்களில் பலவற்றில் காஸ்டிக் சோடா இருக்கும். புதிதாக வளர்ந்த வேர்ப்பகுதியில் மட்டும்தான் தடவ வேண்டும், பழைய இடத்தில் மறுபடி பட்டால் முடி ஒடியும். தலையைச் சொறிந்த பிறகு தடவினால் புண்ணாகும். 2022இல் அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் 33,497 பெண்களிடம் செய்த ஆய்வை வெளியிட்டன. முடியை நேராக்கும் பொருட்களைப் பயன்படுத்தாதவர்களில் 70 வயதுக்குள் கருப்பைப் புற்றுநோய் வர வாய்ப்பு 1.64 சதவீதம், அடிக்கடி பயன்படுத்துபவர்களுக்கு 4.05. இது தொடர்பைக் காட்டுகிறது, காரணத்தை நிரூபிக்கவில்லை. முந்தைய ஓராண்டில் பயன்படுத்தியதாகச் சொன்னவர்களில் ஏறத்தாழ 60 சதவீதம் பேர் கறுப்பினப் பெண்கள். வணக்கம்.