தூக்க மாத்திரையா இது?

நடுவர் அவர்களுக்கும் அவையோருக்கும் வணக்கம். சதுரங்கத்தில் காலத்தை வென்று நிற்பது அமைதியான தொடக்கமே என்பது எங்கள் கட்சி.

எதிரணித் தம்பி சற்றுமுன், "இத்தாலியத் தொடக்கம் ஒரு தூக்க மாத்திரை, அதற்கு மருந்துச் சீட்டுகூட வேண்டாம்" என்றார். நீங்களும் கை தட்டினீர்கள். ராஜாவின் சிப்பாய் இரண்டு கட்டம், குதிரை வெளியே, மந்திரி நான்காம் வரிசைக்கு, எதிராளியும் அவ்வாறே. 'ஜியோக்கோ பியானோ' என்ற அதன் பெயருக்கே அமைதியான ஆட்டம் என்றுதான் பொருள். அதனால் மாத்திரை ஆகிவிடுமா?

1895, இங்கிலாந்தின் ஹேஸ்டிங்ஸ். முந்தைய ஆண்டுதான் உலகப் பட்டத்தை லாஸ்கரிடம் பறிகொடுத்திருந்த ஸ்டைனிட்ஸ், தம் 59ஆம் வயதில், ஜெர்மனியின் பார்டெலெபெனுக்கு இந்த மாத்திரையைத்தான் கொடுத்தார். 22ஆம் நகர்த்தலில், ராஜாவுக்கு முன்னால் நின்ற குதிரையை வெட்டி, அங்கேயே தம் யானையை நிறுத்தினார். ராஜா வெட்டலாம், ராணியும் வெட்டலாம். எது வெட்டினாலும் ஆட்டம் போய்விடும். ராஜா ஒரு கட்டம் ஒதுங்கினார். யானையும் ஒரு கட்டம் நகர்ந்து மறுபடி செக். அவர் மூலைக்கு ஓடும்வரை யானை விடவில்லை. பார்டெலெபென் எழுந்தார், ஒரு சொல் பேசாமல் அரங்கை விட்டு வெளியே போனார், திரும்பி வரவில்லை. நாற்காலி இருக்கிறது, காய்கள் இருக்கின்றன, கடிகாரம் ஓடுகிறது, ஆளைக் காணோம்! மீதி ஆட்டத்தைப் பார்வையாளர்களுக்கு ஸ்டைனிட்ஸே ஆடிக் காட்டினார். தூக்க மாத்திரை சாப்பிட்டவர் இருந்த இடத்தில் சாய்வார் தம்பி, எழுந்து ஓடமாட்டார்.

பழசு என்றும் சொன்னீர்கள். 2000இல் லண்டனில், ஸ்பானியத் தொடக்கத்துக்கு எதிராகக் கிராம்னிக் ஆடிய பெர்லின் தடுப்பை உலகச் சாம்பியன் காஸ்பரோவே உடைக்க முடியாமல் பட்டத்தை இழந்த பிறகு, முன்னணி வீரர்கள் பலர் ஸ்பானியத் தொடக்கத்துக்கு மாற்று தேடி வந்து நின்ற இடம் இந்தப் பழைய வீடுதான்.

என் தந்தைக்குத் தெரிந்த ஒரே தொடக்கமும் இதுவே. எங்கள் பெட்டியில் வெள்ளை மந்திரி ஒன்று தொலைந்து, அதற்குப் பதில் ஒரு பேனா மூடி நின்றது. பக்கவாதம் வந்த பிறகு, சில நாள்களில் என் பெயர்கூட அவர் வாயில் வராது. ஆனால் பலகையை விரித்தால், நடுங்கும் இடக்கையால் சிப்பாயையும் குதிரையையும் நகர்த்திவிட்டு, அந்தப் பேனா மூடியை எடுத்து நான்காம் வரிசையில், கட்டத்தின் நட்ட நடுவில் பார்த்து வைப்பார். வைத்துவிட்டு, உன் முறை என்பதுபோல் என்னைப் பார்ப்பார்.

மணி அடித்துவிட்டீர்கள், நடுவர் அவர்களே. நன்றி.