கீரை தின்றால் போதுமா?

வணக்கமுங்க. பெருந்துறைப் பக்கம் ஓர் ஊரில் பெண்களோடு பேசிக்கொண்டிருந்தபோது ஒரு அம்மிணி கேட்டார்: "தினமும் கீரை தின்னா கர்ப்பப்பை வாய்ப் புற்று வராதுங்களா?"

அந்த நோயின் வேர் சாப்பாட்டில் இல்லை. ஹெச்.பி.வி. என்ற வைரஸில் இருக்கிறது. தாம்பத்திய உறவில் தொற்றும் இது பெரும்பாலானவர்களுக்கு எப்போதாவது வந்து போவதுதான். இதில் யார் நடத்தையையும் பேச ஒன்றுமில்லை. பெரும்பாலும் ஓரிரு வருடத்தில் உடம்பே விரட்டிவிடும். சிலருக்குத் தங்கிவிடுகிறது. அப்போது கர்ப்பப்பை வாயின் செல்கள் மெல்ல மாறுகின்றன. அது புற்றுக்கு முந்தைய நிலை. அங்கிருந்து புற்றாக முற்ற 15, 20 வருடம்கூட ஆகலாம்.

விரட்டுகிற அந்தத் தெம்பில்தான் சாப்பாடு வருகிறது. ஃபோலேட் என்ற பி வைட்டமின், வைட்டமின் சி, கரோட்டின் ஆகிய சத்துகள் குறைந்த பெண்களிடம் இந்த முந்தைய நிலை கூடுதலாக இருப்பதைப் பல ஆய்வுகள் கண்டிருக்கின்றன. ஆனால் அதே சத்தை மாத்திரையாகக் கொடுத்துப் பார்த்தபோது, மாறிய செல்கள் சரியானதாகத் தெளிவான பலன் கிடைக்கவில்லை. அதனால் மருந்துக்கடைக்கு ஓடாதீர்கள், அடுப்படியைப் பாருங்கள். முருங்கைக்கீரை, தட்டைப்பயறு, பச்சைப்பயறு, அரசாணிக்காய் (மஞ்சள் பூசணி), கொய்யா, நெல்லி, எல்லாம் நம் ஊரில் கிடைப்பவைதானே. கீரை வெந்த தண்ணீரைக் கொட்டிவிடாதீர்கள். ஃபோலேட்டில் ஒரு பகுதி அதில் கரைந்திருக்கும், ரசத்தில் சேருங்கள். கரோட்டின் உடம்பில் ஒட்ட, தாளிக்கிற கடலை எண்ணெய் வேண்டும்.

எனக்கு வருத்தம் வேறொன்று. வேலியோரம் முருங்கை தழைத்து நிற்கும். வீட்டுக்காரம்மா டீயை மட்டும் குடித்துவிட்டு பனியன் கம்பெனி வண்டி ஏறுவார். ராத்திரி எல்லோரும் தின்றது போக, சட்டியில் ஒட்டியதுதான் அவருக்கு. கீரை இருந்தும் அவர் தட்டுக்கு வருவதில்லை.

அப்புறம் அந்த அம்மிணியிடம், "கர்ப்பப்பை வாய்ச் சோதனை செஞ்சுக்கிட்டீங்களா?" என்றேன். "எனக்கு ஒண்ணுமில்லீங்களே" என்றார். முந்தைய நிலையில் வலியும் இருக்காது, பெரும்பாலும் வேறு அறிகுறியும் இருக்காது. 30 வயது தாண்டியவர்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே இலவசமாகப் பார்க்கிறார்கள். நீர்த்த அசிட்டிக் அமிலத்தை (வினிகரில் இருப்பதுதான்) கர்ப்பப்பை வாயில் தடவி ஒரு நிமிடம் பொறுத்தால், மாறிய இடம் வெளுத்துக் காட்டும். இந்த நிலையிலேயே கண்டால் முழுதாகக் குணமாக்கலாம்.

"வலிக்குங்களா?" என்று கேட்டார். கொஞ்சம் கூச்சமும் அசௌகரியமும் இருக்கும், அவ்வளவுதான். மாதவிலக்கு இல்லாத நாளாகப் பார்த்து, பக்கத்து வீட்டு அக்காவையும் கூட்டிக்கொண்டு போங்கள். வீட்டில் 9 முதல் 14 வயதுக்குள் பெண் பிள்ளை இருந்தால், ஹெச்.பி.வி. தடுப்பூசி பற்றியும் அங்கேயே கேட்டுவிட்டு வாருங்கள்.